பிள்ளை சொன்னது யாருக்குச் சொந்தம்?

இந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்கள் பேச அழைத்தபோது தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் மருத்துவரிடமும் மனநல ஆலோசகரிடமும் மனம்விட்டுச் சொல்வதை வேறு யாரெல்லாம் அறியலாம், யாரெல்லாம் அறியக் கூடாது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. நான் மருத்துவம் பார்த்த எந்தப் பிள்ளையின் கதையும் இந்த உரையில் வராது. பெயரையும் ஊரையும் மாற்றிச் சொல்வது எங்கள் துறையில் வழக்கம்தான். ஆனால் அந்தப் பிள்ளை இந்த அரங்கில் உட்கார்ந்திருந்தாலோ, நாளை இதன் அச்சுப் பிரதியைப் படித்தாலோ, பெயர் மாறியிருந்தாலும் தன் கதையைக் கண்டுகொள்ளும். ரகசியம் காப்பது பற்றிப் பேச வந்தவர் அதையே உடைக்கலாகாது. ஆகவே எல்லாருக்கும் தெரிந்த தீர்ப்புகளையும் சட்டங்களையும், ஓ.பி.யில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் யாரும் பார்க்கக்கூடியவற்றையும் வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

ஓ.பி.யில் பார்ப்பது என்ன? ஒரு மேசை, அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர். அடுத்த டோக்கன்காரர் ஏற்கெனவே உள்ளே வந்து நிற்பார். "தூக்கம் வருதாம்மா?" என்று பத்தாம் வகுப்புப் பெண்ணைக் கேட்டால், "எங்க சார் தூங்குறா, ராத்திரி பூரா போன்தான்" என்று அம்மா பதில் சொல்வார். கொஞ்ச நேரம் வெளியே இருங்கள் என்றால் அவர் முகம் மாறும். "என்கிட்ட எதையும் மறைக்க மாட்டா டாக்டர், எதுவா இருந்தாலும் என் முன்னாடியே சொல்லுவா." எப்படியோ அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினால், அந்தப் பெண் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "அம்மாகிட்ட சொல்லிடுவீங்களா?"

அடுத்த வாக்கியத்தைச் சொல்வதா விழுங்கிவிடுவதா என்பதை அந்தப் பதிலை வைத்துத்தான் அவள் முடிவுசெய்கிறாள். இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. 1997-இல் கேரல் ஃபோர்டும் அவரது குழுவினரும் கலிஃபோர்னியாவில் மூன்று உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 562 மாணவர்களை, ஒரு மருத்துவரைச் சந்திப்பது போன்ற ஒலிப்பதிவைக் கேட்க வைத்தார்கள். சில பதிவுகளில் ரகசியம் காப்பேன் என்று மருத்துவர் உறுதி சொல்வார், சிலவற்றில் அந்தப் பேச்சே இராது. பாலுறவு, போதை, மனநிலை பற்றி உண்மையைச் சொல்லத் தயாரானவர்கள் உறுதி கேட்காதவர்களில் 39 சதவீதம், கேட்டவர்களில் 46.5 சதவீதம். மறுபடியும் இவரிடம் வருவோம் என்றவர்கள் 53-இலிருந்து 67 சதவீதமாக ஏறினார்கள். இரண்டாவது கணக்கைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். எந்தப் பிள்ளையும் முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டாது. தலைவலி என்று வரும், வயிற்றுவலி என்று வரும். நான்காவது தடவைதான் முழுக்கைச் சட்டையை மேலே சுருட்டிக் கீறல்களைக் காட்டும். அந்த நான்காவது தடவை வர வேண்டுமானால் முதல் தடவை நம்பிக்கை பிறந்திருக்க வேண்டும்.

2002-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடும்பநல கிளினிக்குகளுக்கு வந்த 18 வயது நிறையாத 950 பெண்களிடம் நடந்தது. கருத்தடை மருந்து கேட்டு வந்ததைப் பெற்றோருக்குத் தெரிவிப்போம் என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். கிளினிக்குக்கு வருவதையே நிறுத்துவோம், சில சேவைகளைக் கைவிடுவோம், பால்வினை நோய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவோம் என்று ஏதாவது ஒருவகையில் விலகப்போவதாகச் சொன்னவர்கள் 59 சதவீதம். பாலுறவை நிறுத்துவோம் என்றவர்கள் 1 சதவீதம். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம் அவர்களை மருத்துவரிடமிருந்து விலக்கியதே தவிர வேறெதையும் மாற்றவில்லை. அது அமெரிக்கா, நம் குடும்பங்கள் வேறு என்று சொல்லலாம். வேறுதான். இங்கே வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பு நிற்கும், கல்யாணம் பேசப்படும், சாதி குறுக்கே வந்தால் உயிருக்கே ஆபத்து. அச்சம் இங்கே கூடுதலாகவே இருக்கும் என்பது என் கருத்து.

இந்தக் கேள்வியை ஆழமாக விவாதித்த நாடு இங்கிலாந்து. 16 வயது நிறையாத பெண்ணுக்கும், விதிவிலக்கான நிலைமைகளில், பெற்றோருக்குத் தெரிவிக்காமலே மருத்துவர் கருத்தடை ஆலோசனை தரலாம் என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறை 1980-இல் ஒரு சுற்றறிக்கை விட்டது. விக்டோரியா கில்லிக் என்ற தாய், பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர், என் மகள்களுக்கு என்னைக் கேட்காமல் அப்படித் தரமாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள் என்றார். சுகாதார நிர்வாகம் மறுத்தது. அவர் நீதிமன்றம் போனார். 1983-இல் தோற்றார். 1984 டிசம்பரில் மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகளும் அவர் பக்கம் நின்றார்கள். 1985 அக்டோபரில் பிரபுக்கள் அவை மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எல்லாக் கட்டங்களையும் கூட்டினால் ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் அவரை ஆதரித்தவர்கள். அவ்வளவு நெருக்கமான வழக்கு. அந்தத் தாயை நான் மதிக்கிறேன். என் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாமா என்ற அவரது கேள்வி நம் ஓ.பி. வாசலில் தினமும் கேட்கிறது.

ஸ்கார்மன் பிரபு அந்தத் தீர்ப்பில் நிலைநாட்டிய கருத்து எளிமையானது. வயது ஏற ஏறப் பெற்றோரின் அதிகாரம் படிப்படியாகக் குறைகிறது. தனக்குச் சொல்லப்படுவதை முழுமையாகப் புரிந்துகொள்ளும் அறிவும் முதிர்ச்சியும் பிள்ளைக்கு வந்துவிட்டால், அந்த விஷயத்தில் முடிவு பிள்ளையுடையது. ஃப்ரேசர் பிரபு மருத்துவர்களுக்குச் சில நிபந்தனைகள் வகுத்தார். அவற்றில் ஒன்றை ரகசிய உரிமையை ஆதரிப்பவர்களே மறந்துவிடுகிறார்கள்: பெற்றோரிடம் சொல்லும்படி பிள்ளையை இணங்க வைக்க மருத்துவர் முதலில் முயன்று பார்க்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் கடந்தும் அந்த நிபந்தனைகள் பயன்பாட்டில் இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இன்னொரு தாய் அதே சுகாதாரத் துறையின் புதிய வழிகாட்டுதலை எதிர்த்துத் தொடுத்த வழக்கும் 2006-இல் தள்ளுபடியானது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே 'வளர்ந்த பிள்ளை' யார் என்பதற்குச் சட்டத்துக்குச் சட்டம் வேறு பதில். 12 வயது நிறையாத பிள்ளையின் சம்மதம் செல்லாது என்று 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவும் அதே வயதை வைத்திருக்கிறது. அதைக் கொண்டு, 12 தாண்டிய பிள்ளை உடற்பரிசோதனைக்குத் தானே சம்மதிக்கலாம் என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். அறுவைச் சிகிச்சை என்றால் 18 வரை பெற்றோர் கையெழுத்து. 2017-இன் எச்.ஐ.வி. சட்டம் ஓர் அற்புதமான காரியத்தைச் செய்தது. நோயால் நிலைகுலைந்த குடும்பத்தை 12 முதல் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை ஒன்று பொறுப்பேற்று நடத்தினால், போதிய முதிர்ச்சி இருக்கும்பட்சத்தில் தன் தம்பி தங்கைக்கு அதுவே காப்பாளராக இருக்கலாம் என்றது. தம்பியின் சிகிச்சைக்குக் கையெழுத்திடும் அளவு விவரம் தெரிந்த பிள்ளைக்கு, தன் மனச்சோர்வைப் பற்றித் தனியாக ஒருவரிடம் பேச உரிமை உண்டு என்று வேறெந்தச் சட்டமும் தெளிவாக எழுதித் தரவில்லை.

இங்கே ஒரு குழப்பத்தை விலக்க வேண்டும். சிகிச்சைக்கு யார் சம்மதிப்பது என்பது ஒரு கேள்வி. பேசியதை யார் அறியலாம் என்பது வேறொரு கேள்வி. குடல்வால் அறுவைக்கு அப்பா கையெழுத்துப் போடுகிறார் என்பதால், அறுவைக்கு முந்தின இரவு மகன் நர்சிடம் சொன்னதெல்லாம் அப்பாவுக்குச் சொந்தமாகிவிடாது. நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது என்ற மருத்துவ கவுன்சிலின் 2002 நடத்தை விதி நோயாளியின் வயதைக் கேட்கவில்லை. நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொற்றுநோய் ஆகியவையே அது தரும் விலக்குகள். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் அறிவித்தபோதும், அது 18 வயதில் தொடங்கும் உரிமை என்று சொல்லவில்லை.

மனநலம் என்று வரும்போது கையில் எடுக்க வேண்டியது 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம். அதன் 23-ஆம் பிரிவு ரகசிய உரிமையைத் தருகிறது. ஆனால் நோயாளி நியமித்த பிரதிநிதிக்குத் தகவல் தரலாம் என்று விலக்கும் வைக்கிறது. 18 நிறையாதவருக்கு அந்தப் பிரதிநிதி யார்? 15-ஆம் பிரிவின்படி சட்டபூர்வக் காப்பாளர், அதாவது பெரும்பாலும் அப்பா, அம்மா. பிள்ளையின் விருப்பத்துக்கு அதில் இடமில்லை. இதைப் படித்துவிட்டு, அப்படியானால் பெற்றோர் கேட்டால் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சக மருத்துவர்கள் பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

நான் அப்படிப் படிக்கவில்லை. விலக்கின் வாசகத்தைக் கவனியுங்கள்: பிரதிநிதி இச்சட்டத்தின்கீழ் தம் கடமையைச் செய்ய ஏதுவாகத் தகவல் தரலாம். கடமை என்ன? 17-ஆம் பிரிவில் இருக்கிறது. நோயாளியின் விருப்பங்களையும் நலனையும் கருத வேண்டும். நோயாளிக்கு எந்த அளவு புரிகிறதோ அந்த அளவு அவர் கருத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். ஆதரவாக இருப்பதற்காக நோயைப் பற்றியும் சிகிச்சையைப் பற்றியும் கேட்டறியலாம். நோயும் சிகிச்சையும். மகளுக்கு மனச்சோர்வு, இந்த மாத்திரை, இத்தனை மாதம், மாத்திரை அட்டை உங்கள் பீரோவில் இருக்கட்டும், இந்த அறிகுறி தென்பட்டால் உடனே கூட்டி வாருங்கள். இவ்வளவும் அம்மாவுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் ஆபத்து. ஆனால் எந்தப் பையனின் பெயரைச் சொல்லி அழுதாள், எந்த மாமா வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை என்றாள், கடவுளைப் பற்றி என்ன கேட்டாள் என்பதெல்லாம் அந்தக் கடமைக்குத் தேவைப்படாதவை. மாமா விஷயம் வேறு வகை, அதற்கு வருகிறேன். கில்லிக் தீர்ப்பில் இருக்கும் அதே அளவுகோல், புரியும் அளவுக்கு மதிப்பு என்பது, நம் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதை யாரும் எடுத்துப் பயன்படுத்துவதில்லை.

உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் இல்லை. இதில் எனக்கு ஊசலாட்டம் கிடையாது. ஆனால் உடைப்பதற்கும் முறை உண்டு. முதலில் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். "இதை நான் அப்பாகிட்ட சொல்லித்தான் ஆகணும். நீயே சொல்றியா, நான் கூட இருக்கும்போது சொல்றியா, இல்ல நான் சொல்லட்டுமா?" இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்கு. பிறகு, சொல்வது தேவையான அளவுக்குத்தான். மகன் உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறான், தனியாக விடாதீர்கள், வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அப்புறப்படுத்துங்கள் என்பது அப்பாவுக்குப் போக வேண்டிய செய்தி. அவன் இன்னொரு பையனை நேசிக்கிறான் என்பது போக வேண்டிய செய்தி அன்று. "இவனை மாத்துங்க டாக்டர்" என்று கூட்டி வருகிற பெற்றோரை நாங்கள் பார்க்கிறோம். அப்படி மாற்ற முயல்வதைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூனில் சுஷ்மா வழக்கில் தடுத்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. மாற்றக் கூடாது என்று தெரிந்துகொண்ட மருத்துவர்கள், காட்டிக்கொடுக்கவும் கூடாது என்று தெரிந்துகொள்வது அடுத்த படி.

இப்போது மிகக் கடினமான இடத்துக்கு வருகிறோம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம்.

2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டம் 18 நிறையாத எவரையும் குழந்தை என்கிறது. அதன் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்தவர் மட்டுமன்றி, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. நிறுவனத் தலைவர் தம் ஊழியர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் விலக்கில்லை. இந்தப் பிரிவு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சற்று முன் சொன்ன மாமா விஷயத்துக்குத்தான் இது. வீடே மூடி மறைக்கும் குற்றத்தில், குடும்ப மானம் என்று சொல்லி மருத்துவரையும் அந்த மௌனத்தில் கூட்டுச் சேர்க்கப் பார்ப்பார்கள். அங்கே சட்டம் பிள்ளையின் பக்கம் நிற்கிறது.

ஆனால் பதினாறரை வயதுப் பெண்ணையும் பதினேழு வயதுப் பையனையும் நினைத்துக்கொள்ளுங்கள். விரும்பிப் பழகியவர்கள். பெண்ணுக்கு மாதவிலக்குத் தள்ளிப்போயிருக்கிறது, அல்லது நோய்த்தொற்று ஏற்பட்டிருக்கிறது, அல்லது பயத்தில் தூக்கம் போய்விட்டது. மருத்துவரிடம் வருகிறாள். சொன்னால் பையன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்பான், அவள் வாக்குமூலம் கொடுக்க அலைய வேண்டும், ஊருக்கே தெரியும். நான் நேர்மையானவன் என்றால் அவள் வாய் திறக்கும் முன்பே எச்சரிக்க வேண்டும்: இன்ன விஷயத்தைச் சொன்னால் நான் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும். எச்சரித்தால் அவள் எழுந்து போய்விடுவாள். போகும் இடம் மெடிக்கல் ஷாப்போ போலி மருத்துவரோ. எச்சரிக்காமல் பேச விட்டால், நம்பி வந்தவளை ஏமாற்றியவன் ஆகிறேன். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றைச் சட்டம் இன்னும் முழுமையாகத் திறந்துவிடவில்லை.

பாதி திறந்தது உச்ச நீதிமன்றம். 2022 செப்டம்பர் 29 அன்று சந்திரசூட், போபண்ணா, பார்திவாலா அமர்வு, கருக்கலைப்புச் சட்டத்தையும் போக்சோவையும் சேர்த்துப் படித்தது. சிறுமியும் அவளது காப்பாளரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்புச் செய்யும் மருத்துவர் காவல்துறைக்குத் தரும் தகவலில் அவளது பெயரையும் அடையாளத்தையும் தெரிவிக்கத் தேவையில்லை என்றது. அச்சத்தால் சிறுமிகள் தகுதியற்றவர்களிடம் போய்விடக் கூடாது என்பதே காரணம். சென்னை உயர்நீதிமன்றமும் 2023-இல், பெயரை வெளியிடும்படி வற்புறுத்தக் கூடாது என்று எடுத்துச் சொன்னது. நல்ல தீர்ப்பு, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் காப்பாளர் அங்கேயும் உடன் வந்தாக வேண்டும். மேலும் அது கருக்கலைப்பைப் பற்றியது. கர்ப்பமாகும் முன்பே கருத்தடை கேட்டோ, நோய்த்தொற்றுக்கு மருந்து கேட்டோ, வெறும் பயத்தைச் சொல்லவோ வருகிறவளுக்கு அந்தத் தீர்ப்பில் தெளிவான பாதுகாப்பு இல்லை. முன்கூட்டி வந்தவளுக்கு ரகசியம் இல்லை, தாமதித்துக் கர்ப்பத்தோடு வந்தவளுக்கு உண்டு என்றால், அது மருத்துவ அறிவுக்கு நேர்மாறானது.

பதின்பருவக் காதலர்களைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கம் அன்று என்று 2021-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விஜயலட்சுமி வழக்கில் எழுதினார். சம்மத வயதைக் குறைக்க வேண்டாம், 16 முதல் 18 வரை உள்ளவர்கள் விரும்பிப் பழகிய வழக்குகளில் தண்டனை விதிக்கும்போது நீதிபதிக்கு விருப்புரிமை தரலாம் என்று சட்ட ஆணையம் 2023-இல் தன் 283-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அந்த நிவாரணம் விசாரணையின் முடிவில் வருகிறது. ரகசியமோ முதல் நாளே, காவல் நிலையத்தில் பெயர் எழுதும்போதே போய்விடுகிறது. வயதைப் பற்றி நாடாளுமன்றம் எப்படி வேண்டுமானாலும் முடிவெடுக்கட்டும். அதற்குக் காத்திராமல் மருத்துவ அறையை மட்டும் காப்பாற்ற முடியும். இங்கிலாந்தின் 2003 பாலியல் குற்றச் சட்டத்தில் 73-ஆம் பிரிவு அதைத்தான் செய்கிறது: பிள்ளையை நோயிலிருந்தோ கர்ப்பத்திலிருந்தோ காக்கவும், உடலையும் மனத்தையும் பேணவும் ஆலோசனை தருபவர், குற்றத்துக்கு உடந்தையானவர் ஆகமாட்டார். சம்மத வயது அங்கே மாறவில்லை, ஆலோசனை சொல்பவருக்கு அரண் கிடைத்தது. அதுபோல இங்கேயும், வயதில் நெருங்கிய இருவர் விரும்பிப் பழகும் நிலையில், வற்புறுத்தலோ அதிகார உறவோ இல்லையென்று மருத்துவர் எழுத்தில் பதிவுசெய்தால், போக்சோவின் 19-ஆம் பிரிவின் கட்டாயத்திலிருந்து அவருக்கு விலக்குத் தர வேண்டும். ஆசிரியர், உறவினர், பராமரிப்பாளர், வயதில் மிக மூத்தவர் சம்பந்தப்பட்டால் விலக்கே கூடாது. சட்டம் படித்தவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள், என் வரைவைத் திருத்தித் தாருங்கள்.

சட்டத்தை விட்டு அன்றாடத்துக்கு வந்தால், ரகசியம் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் கசிவதில்லை. பதிவுச் சீட்டில் அப்பாவின் செல்பேசி எண் இருக்கும், லேப் ரிசல்ட் அதற்கு வாட்ஸ்அப்பில் போய்விடும். மருந்துச் சீட்டின் மேல் நோயின் பெயர் பெரிதாக எழுதியிருக்கும், கடைக்கார அண்ணன் அதே தெருக்காரர். பள்ளியில் கவுன்சலர் இருப்பார், ஆனால் இந்த வாரம் யார் யார் வந்தார்கள் என்று தலைமையாசிரியர் பட்டியல் கேட்பார். அக்கறையில்தான் கேட்பார். ஸ்டாஃப் ரூமில் அது மதியத்துக்குள் பரவிவிடும். 2014-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் மத்திய அரசுத் திட்டம் 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்குத் தனி கிளினிக்குகளை அமைத்தது. அந்தரங்கமும் ரகசியமும் அவற்றின் அடிப்படை என்று திட்டமே சொல்கிறது. அது நடப்பதற்குத் தனி அறை வேண்டும், கதவு வேண்டும். 2022-இல் வந்த டெலி மானஸ், 14416 என்ற எண், இந்த விஷயத்தில் எனக்கு நம்பிக்கை தருகிறது. கூட்டிப்போக யாரும் தேவையில்லை, சீட்டும் இல்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கதவுக்கு வெளியே உட்காரச் சொல்வதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து மாதம் சுமந்த நமக்குச் சொல்லாததை நேற்று பார்த்த டாக்டரிடம் சொல்கிறாளே என்று வலிக்கும். அந்த வலி நியாயமானது. ஆனால் உங்கள் முகம் வாடுவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் பல பிள்ளைகள் உங்களிடம் மறைக்கிறார்கள். அன்பில்லாத வீட்டில் மட்டும் ரகசியம் இருப்பதில்லை. வெளியே வந்ததும் காரில் வைத்து "என்ன கேட்டாரு, நீ என்ன சொன்ன" என்று விசாரிக்காமல் வீடுவரை கொண்டுபோய்ச் சேர்த்தீர்களானால், அது மருத்துவத்தில் பாதி.

எங்கள் பக்கம் செய்ய வேண்டியது, முதல் சந்திப்பில் பிள்ளையையும் பெற்றோரையும் ஒன்றாக உட்காரவைத்து எல்லைகளைச் சொல்லிவிடுவது. எது என்னோடு இருக்கும், எதை வெளியே சொல்ல வேண்டிவரும், எதைச் சட்டம் காவல்துறைக்குச் சொல்லச் சொல்கிறது. இருவர் காதிலும் ஒரே வாக்கியம் விழ வேண்டும். ஐந்து நிமிடம் போதும். ஆனால் இதை மருத்துவரின் நல்ல குணத்துக்கு விட்டுவைக்க முடியாது. மாநில மனநல ஆணையம், மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவையும் 17-ஆம் பிரிவையும் சேர்த்துப் படித்து, 14 முதல் 18 வயதுவரை உள்ளோருக்குப் பெற்றோரிடம் எதைப் பகிரலாம், எதைப் பிள்ளையின் ஒப்புதலின்றிப் பகிரக் கூடாது என்று தமிழில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. பள்ளி ஆலோசகர்களின் பதிவேடு தலைமையாசிரியரின் மேசைக்குப் போகாது என்று கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும், அது இரண்டாவது. மூன்றாவது, மருத்துவமனைப் பதிவுப் படிவத்தில் பிள்ளையின் எண்ணுக்கென்று தனிக் கட்டமும், பரிசோதனை முடிவை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று குறிக்க ஒரு கட்டமும் வேண்டும். மருத்துவமனை நிர்வாகிகள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். அடுத்த முறை படிவம் அச்சுக்குப் போகும்போது அந்த இரண்டு கட்டங்களையும் சேர்த்துவிடுங்கள்.